வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லை!

காவல்துறை எடுத்துச்சென்ற வாகனத்தைக் கொல்கத்தாவில் மீட்கும் முறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை எண்ணிப் பாருங்கள். ஆராதனைக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் ஒரு சகோதரர், பார்க் தெருவை ஒட்டிய குறுகிய சாலை ஒன்றின் ஓரத்தில் தம்முடைய காரை நிறுத்திவிட்டு, மனைவி பிள்ளைகளோடு விரைந்து உள்ளே செல்கிறார். ஆராதனை முடிந்து வெளியே வந்து பார்த்தால், கார் நின்ற இடத்தில் ஒரு கைரிக்ஷா நிற்கிறது. காரைக் காணோம். பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் வங்காள மொழியில் ஏதோ சொல்லிக் கையை நீட்டிக் காட்டுகிறார். அவர் சொன்னவற்றில் ‘போலீஸ்’ என்ற ஒரே சொல்தான் இவருக்கு விளங்குகிறது.

இது எடுத்துக்காட்டுக்காக வரைந்த காட்சியே. ஆனாலும் இந்நகரில் வண்டி வைத்திருக்கிற எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது. இத்தகைய வேளையில்தான் அறிமுகமில்லாத ஒருவர் அருகே வந்து, “கவலைப்படாதீர்கள், நான் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்” என்பார். மொழி தெரியாத அச்சத்தில் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். ரசீது இல்லை, போன பணம் எங்கே போயிற்று என்பதும் தெரியாது. காரை வசதிக்காக வைத்திருப்பவருக்கு இது ஒரு நாள் அலைச்சல். வாடகைக் காரும் சரக்கு டெம்போவும் ஓட்டிப் பிழைக்கிற குடும்பத்துக்கோ, வண்டி அடைபட்டிருக்கிற ஒவ்வொரு நாளும் அடுப்பை அணைக்கிற நாளாகும்.

ஆகவே ஒரு காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காவல்துறை வண்டியை எடுத்துச்செல்வது நம் கண்ணுக்கு ஒரே செயலாகத் தோன்றினாலும், சட்டத்தின் பார்வையில் அது மூன்று வெவ்வேறு செயல்களுள் ஒன்றாகும். தவறான இடத்தில் நிறுத்தியதற்காக அகற்றுவது ஒன்று. ஆவணக் குறைவுக்காகப் பிடித்துவைப்பது இன்னொன்று. விபத்து அல்லது குற்ற வழக்கில் கைப்பற்றுவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தட்டவேண்டிய கதவு வேறு. எந்தக் கதவு என்று அறியாமல் ஓடுவதால்தான் நாட்களும் பணமும் வீணாகின்றன.

இத்தனை கண்டிப்பு ஏன்?

கொல்கத்தா நகரின் பரப்பில் சாலைகளுக்குரிய பங்கு சுமார் 6 விழுக்காடு மட்டுமே என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. டெல்லியில் இது 20 விழுக்காட்டுக்கும் மேல். இவ்வளவு குறைந்த இடத்தில் பேருந்தும், டிராமும், டாக்சியும், கைவண்டியும், நடப்பவர்களும் செல்லவேண்டும். சில சாலைகளில் காலையில் ஒரு திசையிலும் பிற்பகலில் எதிர்த்திசையிலும் வண்டிகள் ஓடும். பூஜைக் காலத்திலும், பிரிகேட் மைதானத்தில் பெருங்கூட்டங்கள் நடைபெறும் நாட்களிலும், குடியரசு நாள் அணிவகுப்பை முன்னிட்டு ரெட் ரோட்டைச் சுற்றிலும் நிறுத்தத் தடை கூடுதலாகும். நேற்று நிறுத்திய இடத்தில் இன்றும் நிறுத்தலாம் என்று எண்ணுவது இங்கே பிழையாகிவிடும்.

கெட்டுப்போன வண்டியை இழுக்கும் வாகனம் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் 1916ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. பள்ளத்தில் விழுந்த வண்டிக்கு உதவி செய்யப் பிறந்த கருவி, நகரங்கள் நெருக்கமானபோது காவல்துறையின் கையிலும் வந்து சேர்ந்தது. சக்கரத்தை அசையவிடாமல் பூட்டும் இரும்புப் பூட்டு 1955இல் அந்நாட்டின் டென்வர் நகரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இவ்விரண்டையுமே அனுமதிக்கிறது.

முதலில் வண்டி எங்கே என்று அறியுங்கள்

வண்டியைக் காணவில்லை என்றவுடன் மூன்று வாய்ப்புகளை நினைவிற்கொள்ளவேண்டும்: காவல்துறை எடுத்திருக்கலாம், திருடு போயிருக்கலாம், கடன் தவணை பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் ஆட்கள் கொண்டுபோயிருக்கலாம். கொல்கத்தா போக்குவரத்துக் காவலின் உதவி எண் 1073. காவல் கட்டுப்பாட்டு அறைக்கு 100. வண்டி எண்ணையும், நிறுத்திய தெருவையும், நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

போக்குவரத்துக் காவலின் வட்டார அலுவலகத்தை இங்கே ‘டிராபிக் கார்டு’ என்று அழைக்கிறார்கள். சியாம்பஜார், ஜோராபாகான், சியால்தா, பவானிப்பூர், டாலிகஞ்ச் என்று பகுதிக்கு ஒன்றாக இவை உள்ளன. நிறுத்தக் குற்றத்துக்காக அகற்றிய வண்டியைப்பற்றி விசாரிக்கவேண்டிய இடம் அந்தப் பகுதியின் டிராபிக் கார்டே. எடுத்தவுடன் லால்பஜார் தலைமையகத்துக்கு ஓடவேண்டிய அவசியமில்லை.

இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். நமக்கு எல்லாமே ‘கல்கத்தா’தான், காவல்துறைக்கு அப்படியல்ல. ஹவுரா ரயில் நிலையப் பக்கம் 2011இல் தொடங்கிய ஹவுரா நகரக் காவலைச் சேர்ந்தது. சால்ட் லேக், நியூ டவுன், விமான நிலையப் பகுதிகள் 2012இல் ஏற்பட்ட விதான்நகர் காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தவை. உறவினரை அழைத்துவர ஹவுரா நிலையத்தில் நிறுத்திய வண்டியைக் கொல்கத்தா காவல்துறையிடம் தேடுவது பயனற்றது. பாலத்துக்கு அந்தப் பக்கமே விசாரிக்கவேண்டும்.

காவல்துறை எடுக்கவில்லை என்று தெரிந்தால், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் திருட்டுப் புகார் பதிவு செய்யுங்கள். முதல் தகவல் அறிக்கை இல்லாமல் இன்சூரன்ஸ் இழப்பீடு கிடைப்பது கடினம். தவணை பாக்கிக்காக எடுக்கப்பட்டதாக இருந்தாலும் அஞ்சவேண்டாம். அடியாட்களைக்கொண்டு வலுவந்தமாக வண்டியைப் பறிக்க வங்கிகளுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிலேயே கண்டித்திருக்கிறது.

முதல் வகை: தவறான இடத்தில் நிறுத்தியது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியையும், நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிறுத்தப்பட்ட வண்டியையும் அகற்றவோ சக்கரத்தைப் பூட்டவோ, சீருடையில் இருக்கும் அந்தப் பகுதிக் காவல் அதிகாரி உத்தரவிடலாம். “பத்து நிமிடந்தான் நிறுத்தினேன்” என்று வாதிடுவோர் இதைக் கவனிக்கவேண்டும். பத்து மணி நேரக் கணக்கு கவனிப்பாரற்ற வண்டிக்குரியது. தடையுள்ள இடத்துக்கு எந்தக் காத்திருப்பும் இல்லை.

இதில் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று அபராதம், மற்றது வண்டியை இழுத்த கூலி. இழுத்த செலவு உரிமையாளருடையது என்று அதே 127ஆம் பிரிவு சொல்லுகிறது. அபராதத்தைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பழைய தொகைகளை உயர்த்திற்று. தனியாகத் தண்டனை குறிக்கப்படாத பொதுவான குற்றங்களுக்கு 177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரையிலும், மறுபடியும் செய்தால் 1,500 ரூபாய் வரையிலும் விதிக்கலாம். போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை நிறுத்திவைப்பதற்கு 201ஆம் பிரிவின்கீழ் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. மேற்கு வங்காள அரசு இந்த உயர்வைச் சில காலம் ஏற்காமலிருந்து, 2022 ஜனவரியில் புதிய தொகைகளை அறிவித்தது. ஆகவே பழைய நூறு ரூபாய்க் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சண்டையிடவேண்டாம்.

இந்த வகையில் நீதிமன்றம் செல்லவேண்டியது பெரும்பாலும் இல்லை. வண்டியின் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றோடு டிராபிக் கார்டுக்குச் சென்று, விதிக்கப்பட்ட தொகையைச் செலுத்தி, ரசீது பெற்று வண்டியை எடுத்துவரலாம். அபராதம் நியாயமற்றது என்று கருதுகிறவர் அதை ஏற்காமல் நீதிமன்றத்தில் எதிர்க்கவும் உரிமை உண்டு.

இரண்டாம் வகை: ஆவணக் குறைவு

சாலையில் நிறுத்திச் சோதிக்கும்போது ஏற்படுவது இது. 207ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமலோ, வயது நிரம்பாதவராலோ, பதிவு இல்லாமலோ, பெர்மிட் இல்லாமலோ ஓட்டப்படும் வண்டியைக் காவல் அதிகாரி பிடித்துவைக்கலாம். ஆனால் அதே பிரிவு ஒரு சலுகையையும் தருகிறது. உரிமம், வயது, பெர்மிட் ஆகிய குறைகளில், வண்டியைப் பிடிப்பதற்குப் பதிலாகப் பதிவுச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு அத்தாட்சிச் சீட்டு வழங்கலாம். டெம்போ ஓட்டிப் பிழைப்பவர் பணிவோடு கேட்கக்கூடிய வேண்டுகோள் இது. கொடுப்பது அதிகாரியின் விருப்பம். கேட்பது நம் உரிமை.

இப்படிப் பிடிக்கப்பட்ட வண்டியை விடுவிக்க, உரிய ஆவணங்களோடு போக்குவரத்து அதிகாரியிடமோ அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ விண்ணப்பம் கொடுக்கவேண்டும். ஆவணங்களைச் சரிபார்த்து, நிபந்தனையோடோ நிபந்தனையின்றியோ விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கொல்கத்தாவின் வாகனப் பதிவு அலுவலகம் பெல்தலாவில் உள்ளது.

உரிமத்தைக் காவலர் வாங்கிக்கொண்டால் சீட்டு இல்லாமல் அவ்விடத்தை விட்டு நகராதீர்கள். 206ஆம் பிரிவின்படி தரப்படும் அத்தாட்சிச் சீட்டே, உரிமம் திரும்பிவரும் வரை ஓட்டுவதற்கு அனுமதியாகும். உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அதிகாரம் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு உரியதேயன்றிக் காவல்துறைக்கு உரியதன்று என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

தாளை வீட்டில் மறந்து வந்ததற்காக இனி நடுங்கவேண்டாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டப்படும் உரிமமும் பதிவுச் சான்றும் அசல் ஆவணங்களுக்குச் சமம் என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. வெறும் புகைப்படம் வேறு, செயலியில் உள்ள ஆவணம் வேறு என்பதை மட்டும் மறவாதீர்கள்.

ஊரிலிருந்து வண்டியைக் கொண்டுவந்திருப்பவர்களுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. வேறு மாநிலத்தில் பதிவான வண்டி இங்கே 12 மாதங்களுக்கு மேல் இருக்குமானால், 47ஆம் பிரிவின்படி இங்கே புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்கவேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. ‘டி.என்.’ எண்ணோடு ஐந்தாறு ஆண்டுகள் இங்கே ஓட்டுகிற வண்டி, ஒவ்வொரு சோதனையிலும் கேள்விக்குள்ளாகும் வண்டியே.

மூன்றாம் வகை: விபத்தும் வழக்கும்

இது வேறு பாதை. விபத்துக்குள்ளான வண்டியை அதிகாரிகள் சோதனைக்காக எடுத்துச்செல்லலாம். எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை உரிமையாளருக்குத் தெரிவிக்கவும், சோதனை நடைமுறைகள் முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் திருப்பிக்கொடுக்கவும் வேண்டும் என்று 136ஆம் பிரிவு கூறுகிறது. வழக்கில் சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டுவிட்டாலோ, வண்டியை விடுவிக்கும் உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வரவேண்டும். எந்தக் காவல் நிலையம் வழக்குப் பதிவு செய்ததோ அதைப் பொறுத்து பாங்க்சால், சியால்தா, ஆலிப்பூர் நீதிமன்றங்களுள் ஒன்றில் மனுச் செய்யவேண்டும். இங்குள்ள வழக்கறிஞர்கள் இதை ‘ஜிம்மா’ என்பார்கள். வழக்கு முடியும்வரை, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து, வண்டியைத் தன் பொறுப்பில் பெறுவதே அதன் பொருள்.

“வழக்கு முடிந்தால்தான் வண்டி” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் போட்டுவைப்பதால் யாதொரு பயனும் இல்லை. தகுந்த பிணையும் புகைப்படமும் பெற்றுக்கொண்டு விடுவிக்கவேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபரில் கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தன் 497ஆம் பிரிவில் இதற்குக் காலவரையறையே வகுத்துள்ளது. பொருள் நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்ட 14 நாட்களுக்குள் அதைப்பற்றிய விவரப் பட்டியல்; புகைப்படம் அல்லது வீடியோ பதிவு; அதன்பின் 30 நாட்களுக்குள் உத்தரவு. உங்கள் வழக்கறிஞர் மனுவில் இவற்றைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். காவல் நிலைய வாசல்களில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகள் பலவும் உரியவர் வந்து கேட்காததால் கிடப்பவையே.

இங்கே ஒரு காரியம் மிகவும் முக்கியம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, இழப்பீட்டுக்குப் போதுமான பிணை கொடுக்காமல் அவ்வண்டியை விடுவிக்கக் கூடாது என்றவாறு விதிகளை ஏற்படுத்தும்படி, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம் என்று மட்டுமே நாம் கணக்கிடுகிறோம். அடிபட்டுக் கிடக்கிறவருக்கும் ஒரு குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்துக்குப் போகவேண்டிய இழப்பீட்டுக்காகவே அந்த வண்டி பிடித்துவைக்கப்படுகிறது என்பதை நினைத்தால், தவணையைத் தள்ளிப்போட மனம் வராது.

வண்டி யார் பெயரில்?

மூன்று வகைக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு: “பதிவுச் சான்றில் உள்ள பெயர் உங்களுடையதா?” பெரும்பாலான துயரங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. நண்பரிடமோ, ஊர்க்காரரிடமோ பழைய வண்டியை வாங்குகிறோம். பணம் கைமாறுகிறது, சாவி கைமாறுகிறது, பெயர் மட்டும் மாறுவதில்லை. “நம்மவர்தானே” என்ற நம்பிக்கை. வண்டி பிடிபட்ட நாளில், விற்றவர் வேறு ஊருக்கு மாறிப்போயிருப்பார். அல்லது உயிரோடே இருக்கமாட்டார். அதிகாரியோ சான்றில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்.

50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. வண்டி கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பெயர் மாற்றாமல் விற்பது அன்பின் அடையாளமல்ல. இருவருக்கும் கண்ணி வைப்பதாகும்.

உரிமையாளர் வெளியூரில் இருந்தால், அவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் தேவைப்படும். நிறுவனத்தின் வண்டியானால் நிறுவனத்தின் தாளிலேயே கடிதம் பெறுங்கள்.

வண்டியைப் பெறும் வேளையில்

சாவி கைக்கு வந்த மகிழ்ச்சியில் உடனே ஓட்டிக்கொண்டு புறப்பட்டுவிடாதீர்கள். வண்டியைச் சுற்றிப் பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், சக்கரங்கள், கண்ணாடிகள், பேட்டரி, மாற்றுச் சக்கரம், உள்ளே வைத்திருந்த பொருட்கள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். வளாகத்தை விட்டு வெளியேறுமுன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது சேதம் ஏற்பட்டிருந்தால், பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடும் தாளிலேயே அதை எழுதுங்கள். கையொப்பமிட்டு வெளியே வந்தபின் சொல்லும் குறைக்குச் சாட்சி இராது.

ரசீது இல்லாத பணம் வேண்டாம். ரசீதில் வண்டி எண், குற்றப் பிரிவு, தொகை, தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து, குறைந்தது ஓர் ஆண்டுக்காவது பத்திரப்படுத்துங்கள். செலுத்திய அபராதம் பதிவேட்டில் பாக்கி என்றே காட்டுமானால், அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும். மொழி தடையானால் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “ஆமார் காடி கொத்தாய்?” என்றால் என் வண்டி எங்கே என்று பொருள். “ரொஷித் தின்” என்றால் ரசீது கொடுங்கள் என்று பொருள். உரத்த குரலில் ஆங்கிலம் பேசுவதைவிட, பணிவான குரலில் பேசும் அரைகுறை வங்காளம் இந்நகரில் அதிக தூரம் செல்லும்.

தரகரிடம் கொடுக்கிற பணம் நேரத்தை மிச்சப்படுத்துவதுபோலத் தோன்றும். ஆனால் அபராதம் பதிவாகாமல் போனால் வழக்கு உங்கள் பெயரிலேயே நிற்கும். பிறகு ஒரு நாள் பெயர் மாற்றவோ தகுதிச் சான்று பெறவோ போகும்போது அது எதிரே வந்து நிற்கும். உத்தமமாய்க் கட்டிய 500 ரூபாய், குறுக்கு வழியில் கொடுத்த 200 ரூபாயைவிட மலிவானது.

சபையாகச் செய்யக்கூடியது

முடிவாக, நாம் கூடுகிற இடங்களைப்பற்றி ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்து நூறு பேர் வெளியே வரும் தெருவில் மற்றவர்களும் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலை அடைத்து நிறுத்திய வண்டியைக் காவல்துறை அகற்றினால் குறைசொல்ல நமக்கு இடமில்லை. ஆம்புலன்சுக்கு வழியில்லாமல் போனால் அதற்கு அபராதத் தொகையே கிடையாது. வாலிபர்கள் இருவர் வாசலில் நின்று, எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று வருபவர்களுக்குச் சொல்லலாம். மாநகராட்சியின் கட்டண நிறுத்தங்கள் எங்கே உள்ளன என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். மெட்ரோ அருகில் இருப்பவர்கள் வண்டியை வீட்டிலேயே விட்டுவரலாம். வங்காளம் அறிந்த ஒருவர், மொழி தெரியாத குடும்பத்தோடு டிராபிக் கார்டு வரை போய்வரலாம். புதிதாய் வந்த ஒரு குடும்பத்துக்கு இந்நகரில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இன்று மாலையே உங்கள் வண்டியின் பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். பெயர் உங்களுடையதா? முகவரி இன்றைய முகவரியா? இன்சூரன்சும் புகைச் சான்றும் எந்தத் தேதி வரை? இந்தக் கேள்விகளுக்கு இன்று விடை தேடுகிற குடும்பம், வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லாத நாளிலும் கலங்காது.